எல்லை நகர்ந்து வந்த கதை: பாறசாலையில் ஒரு பலசரக்குக் கடை

நமது அங்கத்தினர்களின் பிள்ளைகளில் பலர் இன்று சிங்கப்பூரில் கம்பெனியைப் பதிவு செய்து, துபாயில் சரக்கை இறக்கி, சென்னையில் கணக்கு எழுதி வியாபாரம் செய்கிறார்கள். ஒவ்வொரு தேசத்துக்கும் ஒரு நாணயம், ஒரு வரி, ஒரு சட்டம் என்று அவர்கள் படும் பாட்டைக் கல்யாண வீடுகளில் கேட்கிறேன். இந்தப் பாடுகளையெல்லாம் ஒரு பலசரக்குக் கடைக்காரர், தன் கல்லாப்பெட்டியை விட்டு எங்கும் நகராமலே, பட்டுத் தீர்த்த ஊர் ஒன்று உண்டு. அது பாறசாலை.

திருவனந்தபுரத்திலிருந்து நாகர்கோவில் செல்லும் சாலையில் பாலராமபுரம், நெய்யாற்றின்கரை, அமரவிளை, பாறசாலை, களியக்காவிளை என்று ஊர்கள் வரும். பாறசாலை வரை கேரளம், களியக்காவிளை தமிழ்நாடு. சங்கீத ரசிகர்களுக்கு நெய்யாற்றின்கரை வாசுதேவனும் பாறசாலை பொன்னம்மாளும் இந்த ஊர்ப்பெயர்களைத் தெரியப்படுத்தியிருப்பார்கள். பஸ்ஸில் கண்ணயர்ந்தால் எல்லையைத் தாண்டியதே தெரியாது. கடைப் பலகைகளில் எழுத்து மாறும், அவ்வளவுதான். இரு பக்கத்து ஜனங்களும் இரண்டு பாஷையும் பேசுவார்கள். அதனால்தான் எனக்கு எப்போதும் ஒரு எண்ணம் உண்டு. பாஷையை வைத்து எல்லை போட்டார்கள். ஆனால் அங்கே கடை வைத்திருந்தவனுக்குப் பாஷை ஒரு நாளும் எல்லையாக இருந்ததில்லை. அவனுக்கு எல்லையாக நின்றவை அரிசியும், வரியும், வாரிசுச் சட்டமும்.

என் தாத்தா 1930-களில் பாறசாலையில் ஒரு பலசரக்குக் கடை தொடங்கினார். அரிசி, பருப்பு, புளி, கருப்பட்டி, வெற்றிலை பாக்கு. சில வருஷங்களில் குழித்துறையில் ஒரு கிளை. பெரியப்பா பாறசாலைக் கடையையும், சித்தப்பா குழித்துறைக் கடையையும் பார்த்துக்கொண்டார்கள். என் தகப்பனார் மட்டும் ஸர்க்கார் உத்தியோகத்துக்குப் போய்விட்டார். பிற்பாடு அடியேனும் அதே வழி. பௌதிகத்தில் பி.எஸ்ஸி. படித்துவிட்டு, 1970-களில் கேரள அரசுப் பணியில் எடை அளவு சம்பந்தமான பிரிவில் சேர்ந்து, தராசுகளோடு காலம் கழித்தேன். ஆகையால் இந்தக் கடையின் கதையை நான் கல்லாவில் உட்கார்ந்து பார்த்தவன் அல்ல. பக்கத்தில் நின்று பார்த்தவன்.

தாத்தா கடை தொடங்கிய நாளில் பாறசாலை எல்லையே அல்ல. திருவிதாங்கூர் ராஜ்யத்தின் தெற்கு வாசல் ஆரல்வாய்மொழி. பாறசாலையிலிருந்து சுமார் ஐம்பது கிலோமீட்டர் தள்ளி இருந்தது. அதற்கு அப்பால் பிரிட்டிஷ் திருநெல்வேலி ஜில்லா. பாறசாலை ராஜ்யத்தின் உள்ளூர். நாஞ்சில்நாட்டு அரிசி கோட்டாறு சந்தையிலிருந்து வண்டியேறி எந்தத் தடையுமில்லாமல் பாறசாலைக்கும் திருவனந்தபுரம் சாலைக் கம்போளத்துக்கும் போயிற்று.

ஆனால் திருநெல்வேலிச் சரக்கு வாங்கினால் வேறொரு தேசத்தோடு வியாபாரம் செய்வது போலத்தான். முதலாவது நாணயம். திருவிதாங்கூரில் 16 காசு ஒரு சக்கரம், 4 சக்கரம் ஒரு பணம், 7 பணம் ஒரு ஸர்க்கார் ரூபாய். அதாவது ரூபாய்க்கு 28 சக்கரம். பிரிட்டிஷ் ரூபாய்க்கோ 28½ சக்கரம். இந்த அரைச் சக்கரத்தை இன்றைய பிள்ளைகள் அன்னியச் செலாவணி என்பார்கள். திருநெல்வேலி வியாபாரிக்கு 100 பிரிட்டிஷ் ரூபாய் தர வேண்டுமென்றால் 2,850 சக்கரம் வேண்டும். ஸர்க்கார் ரூபாயில் 101 ரூபாய் 22 சக்கரம். தாத்தாவின் பேரேட்டில் இதற்கென்றே ஒரு தனிப் பத்தி இருந்தது. தேதியோ கொல்லம் ஆண்டில். வருஷம் பிறப்பது சிங்கம் ஒன்றாம் தேதி. கடிதம் போக வர அஞ்சல். (தபாலுக்குத் தமிழ்நாட்டில் இன்று வழங்கும் இந்தச் சொல்லைத் திருவிதாங்கூர்க்காரர்கள் தங்கள் ராஜ்யத் தபாலுக்கு அந்தக் காலத்திலேயே வைத்திருந்தார்கள். அந்த அஞ்சல் இலாகா 1951-இல் இந்தியத் தபாலோடு சேர்ந்தது.) வருமான வரிச் சட்டம், கம்பெனிச் சட்டம், கோர்ட்டு எல்லாமே ராஜ்யத்துக்குச் சொந்தமானவை.

இத்தனை வேற்றுமை இருந்தும் ஆரல்வாய்மொழியில் வண்டிகள் தேங்கி நிற்கவில்லை. அதற்குக் காரணம் 1865-ஆம் ஆண்டு திருவிதாங்கூர், கொச்சி, பிரிட்டிஷ் இந்தியா மூன்றும் செய்துகொண்ட ஒரு வர்த்தக உடன்படிக்கை. அப்போது திவானாக இருந்தவர் கும்பகோணத்தைச் சேர்ந்த சர் டி. மாதவராவ். 1858 முதல் 1872 வரை திவானாக இருந்த அவர், முதலில் 1860-இல் மிளகு ஏகபோகத்தையும், 1863-இல் புகையிலை ஏகபோகத்தையும் எடுத்தார். பிறகு இந்த உடன்படிக்கை. இரு பக்கமும் போக வரும் சாமான்களுக்குத் தரை எல்லையில் வாங்கிவந்த சுங்கம், சில சரக்குகள் தவிர, நீங்கியது. தவிர்க்கப்பட்டவை புகையிலை, உப்பு, அபின், சாராயம். திருவிதாங்கூர்த் துறைமுகங்களில் பிரிட்டிஷ் இந்தியாவின் சுங்க விகிதமே வாங்கப்பட்டது. உப்பின் விற்பனை விலையும் பிரிட்டிஷ் பகுதியின் விலைக்குச் சமமாக்கப்பட்டது.

இதில் உப்பு விஷயத்தைத்தான் நான் மிகவும் ரசிப்பேன். மாதவராவ் இளமையில் சென்னையில் கணிதமும் பௌதிகமும் கற்பித்தவர். இரண்டு பாத்திரங்களில் நீர் மட்டம் ஒன்றாக இருந்தால் நடுவில் குழாய் இருந்தாலும் நீர் ஓடாது என்பது பள்ளிக்கூடப் பாடம். இரு பக்கமும் உப்பு ஒரே விலை என்றால், இருட்டில் மூட்டை தூக்கிக்கொண்டு மலையேற யாருக்கும் அவசியம் இல்லை. காவல்காரனை நூறு பேராக்குவதைவிட விலையைச் சமமாக்குவது மலிவு. பாறசாலையின் பிற்காலச் சரித்திரம் முழுவதும், இந்தச் சாதாரணப் பாடத்தை மறந்ததனால் வந்தது என்பது என் அபிப்பிராயம்.

இரண்டு ராஜ்யச் சட்டங்களுக்கு நடுவே தொழில் நடத்துவதில் உள்ள அபாயம் பெரிய அளவில் தெரிந்தது 1938-இல். திருவல்லாவில் பிறந்த திருவிதாங்கூர் நேஷனல் பாங்கும் குயிலோன் பாங்கும் 1937-இல் ஒன்றாகி, சென்னையில் பெரிய அலுவலகம் வைத்து, பிரிட்டிஷ் இந்தியாவெங்கும் கிளை பரப்பின. சுதேச ராஜ்யத்துப் பாங்கு, பிரிட்டிஷ் பிரதேசத்து டெபாசிட். திவான் சர் சி.பி. ராமஸ்வாமி ஐயரின் ஸர்க்காருக்கும் பாங்கை நடத்தியவர்களுக்கும் பகை முற்றியிருந்த காலம். 1938 ஜூனில் பாங்கு பணம் கொடுப்பதை நிறுத்தியது. அதை நடத்தியவர்கள் சென்னையில் கைதாகித் திருவனந்தபுரம் கொண்டுசெல்லப்பட்டார்கள். பாங்கை மூடும் வேலை இரண்டு பக்கத்துக் கோர்ட்டுகளிலும் நடந்தது. இதன் நியாய அநியாயத்தை இன்றும் இரண்டு கட்சியாகப் பேசுவார்கள். தாத்தா அந்தப் பாங்கில் போட்டிருந்தது சொற்பத் தொகைதான். ஆனால் அதற்குப் பிறகு கடைசி வரை அவர் பணத்தை அரிசியாகவும் நிலமாகவுமே வைத்திருந்தார், காகிதமாக வைத்துக்கொள்ளவில்லை.

1949 ஜூலையில் திருவிதாங்கூரும் கொச்சியும் ஒன்றாயின. 1950 ஏப்ரல் முதல் இந்திய வருமான வரி வந்தது. சக்கரமும் பணமும் கணக்கிலிருந்து மறைந்தன. ஆரல்வாய்மொழி எல்லை, மாநில எல்லை என்ற அளவில் சாதுவாயிற்று. இனி ஒரே தேசம், ஒரே நாணயம், வியாபாரம் சுலபம் என்று கடைத்தெருவில் எல்லோரும் நினைத்தார்கள். ஆறே வருஷத்தில் எல்லை எழுந்து ஐம்பது கிலோமீட்டர் நடந்து கடை வாசலுக்கே வந்துவிட்டது.

தெற்குத் தாலுகாக்களைச் சென்னை ராஜ்யத்தோடு சேர்க்க வேண்டும் என்று மார்ஷல் நேசமணி தலைமையில் திருவிதாங்கூர் தமிழ்நாடு காங்கிரஸ் நடத்திய போராட்டமும், 1954 ஆகஸ்ட் 11 துப்பாக்கிச் சூடும் வாசகர்கள் அறிந்தவை. அவர்கள் கேட்ட தாலுகாக்களில் நெய்யாற்றின்கரையும் ஒன்று. 1955-இல் பசல் அலி கமிஷன் அதைக் கொடுக்கவில்லை. 1956 நவம்பர் 1-ஆம் தேதி அகஸ்தீஸ்வரம், தோவாளை, கல்குளம், விளவங்கோடு ஆகிய நான்கு தாலுகாக்களும் செங்கோட்டையின் ஒரு பகுதியும் சென்னைக்குப் போயின. நெய்யாற்றின்கரை கேரளத்தில் நின்றது. பாறசாலைக் கடை கேரளத்தில். குழித்துறைக் கடை சென்னை ராஜ்யத்தில். ஒரே பேரேடு, ஒரே குடும்பம், இரண்டு ஸர்க்கார்.

அன்று காலை ஒன்றும் மாறவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். மாநிலச் சீரமைப்புச் சட்டத்தின் 119-ஆவது பிரிவின்படி, கை மாறிய பகுதியில் பழைய சட்டங்களே, புதிய ஸர்க்கார் மாற்றும் வரை தொடரும். ஆகவே சில காலம் இரு கடைகளுக்கும் திருவிதாங்கூர்-கொச்சிச் சட்டமே. ஆனால் 1957 முதல் சென்னைச் சட்டங்கள் ஒவ்வொன்றாக அந்தப் பக்கம் வந்தன. 1959-இல் சென்னைப் பொது விற்பனை வரிச் சட்டம். 1963-இல் கேரளப் பொது விற்பனை வரிச் சட்டம். ஒரே வீட்டில் பிறந்த இரண்டு பிள்ளைகள் வேறு வேறு பள்ளிக்கூடத்துக்குப் போன மாதிரி, இரண்டு கடைகளும் வேறு வேறு பழக்கம் கற்றுக்கொண்டன.

முதல் அடி அரிசியில் விழுந்தது. நாஞ்சில்நாடு திருவிதாங்கூரின் நெற்களஞ்சியம். அது போனதும் கேரளத்தின் அரிசிப் பற்றாக்குறை மேலும் பெரிதாயிற்று. 1957-இல் மத்திய ஸர்க்கார் ஆந்திரா, சென்னை, மைசூர், கேரளா நான்கையும் ஒரே தென்னக அரிசி மண்டலமாக்கியது. அந்த ஏழு வருஷம் பெரியப்பாவுக்கு மூச்சு விட இடம் இருந்தது; கோட்டாறு அரிசி பழையபடி வந்தது. 1964-இல் அந்த மண்டலம் கலைந்து, ஒவ்வொரு மாநிலமும் தனி மண்டலமாயிற்று. மாநிலத்துக்கு வெளியே அரிசி போகக்கூடாது. கேரளத்தில் ரேஷன் முறை வந்தது.

அப்போது எனக்குப் பதினான்கு பதினைந்து வயது. விடுமுறையில் பாறசாலை போனால் கடையில் அரிசிப் பத்தாயம் காலியாக இருக்கும். சில கிலோமீட்டர் தூரத்தில் சித்தப்பாவின் கிடங்கில் மூட்டைகள் அடுக்கியிருக்கும். “அண்ணா, நீங்க கேட்ட சரக்கு இங்கே இருக்கு, வழிதான் இல்லை” என்று சித்தப்பா சொல்லியனுப்புவார். விளவங்கோடு தாலுகாவில் எங்களுக்குக் கொஞ்சம் வயல் இருந்தது. சொந்த வயல் நெல்லை வீட்டுச் சாப்பாட்டுக்கு எடுத்து வரவும் பெர்மிட் வேண்டும். பெரியப்பா பெர்மிட்டுக்கு எழுதுவார். சில வருஷம் கிடைக்கும், சில வருஷம் அறுவடை முடிந்து நெல் புழுத்த பிறகு கிடைக்கும். மற்றபடி எல்லைக் கிராமத்து ஏழைப் பெண்கள் ஐந்து படி, பத்து படி என்று சிறு மூட்டைகளாகக் கட்டி, தோப்புகளுக்குள்ளே போகும் ஊடுவழிகளில் தலையில் சுமந்து கொண்டுவந்து வீடு வீடாக விற்பார்கள். சட்டப்படி அது கடத்தல். பெரியப்பா கடையில் அதை வாங்கமாட்டார். லைசென்ஸ் போய்விடும் என்ற பயம். ஆனால் வீட்டில் பெரியம்மா அதைத்தான் வாங்கினாள். ரேஷன் அரிசியில் குழந்தைகளுக்குப் பத்தியம் போட முடியாது என்பது அவள் கட்சி. ஒரே குடும்பத்தில் கடைக்கு ஒரு நீதி, அடுப்புக்கு ஒரு நீதி.

மண்டலங்கள் போனபின்னும் இந்த ஓட்டம் நிற்கவில்லை. தமிழ்நாட்டில் ரேஷன் அரிசி 2008-இல் கிலோ ஒரு ரூபாய். 2011 ஜூன் முதல் இலவசம். எல்லைக்கு அப்பால் அதே அரிசிக்குச் சந்தை விலை. மட்ட வேறுபாடு இவ்வளவு இருக்கும்போது நீர் ஓடாமல் இருக்குமா? களியக்காவிளை வழியாகக் கேரளத்துக்குக் கடத்தப்பட்ட ரேஷன் அரிசி பிடிபட்டது என்ற செய்தியை நாளிதழில் அடிக்கடி பார்க்கலாம். அன்று தலைச்சுமை, இன்று வேன், வித்தியாசம் அதுதான்.

அந்தக் காலத்தில் இரு கடைகளையும் சேர்த்துவைத்த ஒரே ஸர்க்கார் காரியம் கிலோகிராம் என்று சொன்னால் சுயதம்பட்டமாகத் தோன்றலாம். என் துறை அது. அதுவரை பாறசாலையில் பறை, இடங்கழி, நாழி. நாஞ்சில்நாட்டில் கோட்டை, மரக்கால். 1956-ஆம் வருஷத்து எடை அளவுச் சட்டத்தின்படி 1958 அக்டோபர் முதல் மெட்ரிக் எடைகள் படிப்படியாக வந்தபோது, இடங்கழிக்கு எத்தனை படி என்ற சண்டை கடைத்தெருவில் ஓய்ந்தது. ஆனால் தராசில் முத்திரை வைப்பவர் கேரளத்தில் தனி இலாகாக்காரர். தமிழ்நாட்டில் தொழிலாளர் துறையைச் சேர்ந்தவர். கல் ஒன்று, முத்திரை இரண்டு.

வரிக்கு வருகிறேன். 1956-இல் இயற்றிய மத்திய விற்பனை வரிச் சட்டப்படி, 1957 ஜூலை முதல், மாநிலம் விட்டு மாநிலம் விற்றால் விற்கும் மாநிலம் வரி வாங்கும். பதிவு பெற்ற வியாபாரிக்கு ‘சி’ பாரத்தின் பேரில் முதலில் நூற்றுக்கு 1; 1963-இல் 2, 1966-இல் 3, 1975-இல் 4 என்று ஏறியது. குறைய ஆரம்பித்தது 2007-இல்தான். குழித்துறையிலிருந்து பாறசாலைக்கு ஒரு மூட்டை கருப்பட்டி வந்தாலும், அது அகில இந்திய வர்த்தகம்! அண்ணன் தம்பிக்கு ‘சி’ பாரம் எழுதிக் கொடுத்த வேடிக்கை எங்கள் வீட்டில் நடந்தது.

கேரளத்தின் பெரிய வரிச் சோதனைச்சாவடி எல்லைக் கோட்டில் இல்லை. அமரவிளையில், சில கிலோமீட்டர் உள்ளே தள்ளி இருந்தது. இதன் விளைவு விசித்திரம். களியக்காவிளைக்கும் அமரவிளைக்கும் நடுவே உள்ள கிராமங்கள், சட்டப்படி கேரளமானாலும், வரி விஷயத்தில் ஒரு திண்ணை போல ஆயின. லாரியில் வந்த சரக்கு அங்கே சிறு கிடங்குகளில் இறங்கும். பிறகு சிறு வண்டிகளில் ஊடுவழியாகச் சாவடியைச் சுற்றிக்கொண்டு போகும். நேர்மையாகப் பில் போட்டவன் சாவடியில் மணிக்கணக்கில் நிற்பான். போடாதவன் அதற்குள் சரக்கை விற்றுவிட்டுக் காப்பி குடித்துக்கொண்டிருப்பான். வாழைக்குலை, காய்கறி, தோவாளைப் பூ எல்லாம் வாடும் சரக்கு. ஓணம் சமயத்தில் பூ வண்டி ஒரு பொழுது நின்றால் முதல் போச்சு. வரியின் கனத்தைவிட நேரத்தின் கனம் அதிகம் என்பதை ஆபீஸில் உட்கார்ந்து சட்டம் எழுதுகிறவர்கள் அறிவதில்லை. நானும் ஆபீஸில் உட்கார்ந்தவன்தான் என்பதால் சொல்கிறேன்.

இதே தாலுகாவில் உள்ள பாலராமபுரம் நெசவாளர்கள் இந்தக் கதைக்கு நல்ல உதாரணம். பாலராம வர்மா மகாராஜா காலத்தில் (1798–1810) தமிழ்ப் பகுதியிலிருந்து சாலியர்களைக் கொண்டுவந்து குடியேற்றியதால் உண்டான ஊர். கேரளத்துப் பெண்கள் உடுத்தும் கசவு முண்டு அவர்கள் நெய்தது. வேர் அங்கே, சந்தை இங்கே. ஆனால் 1956-க்குப் பிறகு சாலியர்களின் உறவினர் வீடும் வேறு மாநிலம் ஆகிவிட்டது.

முதலாளிகள் எல்லையைத் தங்களுக்குச் சாதகமாக்கிக்கொண்டதும் உண்டு. முந்திரிப்பருப்பு அதற்குச் சாட்சி. கொல்லத்தில் குறைந்தபட்சக் கூலியும் தொழிற்சங்கமும் வலுத்தபோது, கொல்லத்து முந்திரி முதலாளிகள் பலர் கூலி குறைந்த கன்னியாகுமரி மாவட்டத்தில் தொழிற்சாலை வைத்தார்கள். கேரளம் 1969-இல் முந்திரி வளர்ச்சிக் கழகம் அமைத்தது. 1974-இல் மூடிக்கிடந்த தொழிற்சாலைகளை எடுத்துக்கொள்ளச் சட்டம் போட்டது. கொட்டை உடைக்கும் வேலை இரு பக்கமும் ஒன்றேதான். உடைக்கும் பெண்களின் விரல் கறுப்பதும் ஒன்றேதான். கூலி மட்டும் வேறு. கடைக்காரனான பெரியப்பாவுக்கு எல்லை ஒரு தொல்லை. தொழிற்சாலைக்காரருக்கு அதுவே ஒரு லாபம். எல்லையைத் தாண்டிப் போகும் வசதி உள்ளவனுக்கும், அதன் மேலேயே உட்கார்ந்திருக்க விதிக்கப்பட்டவனுக்கும் உள்ள வித்தியாசம் இது.

மற்றவற்றைச் சுருக்கமாகச் சொல்கிறேன். கேரளம் 1967-இல் ஸர்க்கார் லாட்டரி தொடங்கியது. தமிழ்நாடும் அடுத்த வருஷம் தொடங்கி, 2003 ஜனவரியில் தடை செய்தது. அதன்பின் பாறசாலையில் ஸர்க்காரே விற்கும் சீட்டை, சில நூறு அடி தள்ளி விற்றால் குற்றம். கள்ளும் அப்படியே: தமிழ்நாட்டில் 1987 முதல் தடை, கேரளத்தில் லைசென்ஸ் உள்ள கடை. பெட்ரோல் விஷயத்தில் தமிழ்நாடு 2021 ஆகஸ்டில் லிட்டருக்கு 3 ரூபாய் வரி குறைத்தது. கேரளம் 2023 ஏப்ரல் முதல் 2 ரூபாய் கூடுதல் தீர்வை போட்டது. பாறசாலைக்காரர்கள் ஸ்கூட்டரை எந்தப் பக்கம் திருப்பினார்கள் என்று சொல்ல வேண்டியதில்லை. கோழியைப் பற்றி எழுதுவதை நமது வாசகர்கள் பொறுத்தருள வேண்டும். அதைச் சொல்லாமல் அமரவிளைச் சரித்திரம் முற்றுப்பெறாது. கேரளத்தில் கோழிக்கு ‘வாட்’ வரி நூற்றுக்கு 14.5 வரை இருந்தது. ஆகவே இரவு நேரத்து ஊடுவழிகளில் அரிசியை மிஞ்சியது கோழிதான். 2017-இல் ஜி.எஸ்.டி.யில் அந்த வரி பூஜ்யமாயிற்று. வரி போன பிறகு கிலோ 87 ரூபாய்க்கு விற்க வேண்டும் என்று அப்போதைய நிதி மந்திரி தாமஸ் ஐசக் சொல்ல, வியாபாரிகள் கடையடைப்பு வரை போனார்கள். விலை கதை எப்படியோ, இரவு ஓட்டம் அடங்கியது. மாதவராவின் உப்புப் பாடம் மறுபடி நிரூபணம்.

2017 ஜூலை 1-ஆம் தேதி ஜி.எஸ்.டி. வந்ததும் வரிச் சாவடிகள் எடுக்கப்பட்டன. 1865-இல் ஒரு மகாராஜாவின் ஸர்க்காரும் வெள்ளைக்கார ஸர்க்காரும் பேசித் திறந்த மாதிரி ஒரு வழியை, ஒரே குடியரசின் இரண்டு மாநிலங்கள் திறக்க அறுபது வருஷம் ஆயிற்று. முழுவதும் திறந்ததா என்றால், இல்லை. பதிவெண்ணின் முதல் இரண்டு இலக்கம் கேரளத்துக்கு 32, தமிழ்நாட்டுக்கு 33. இரு பக்கமும் கடை உள்ளவர் இரண்டு பதிவு எடுக்க வேண்டும். ஒரே ஆளானாலும் சட்டத்தின் கண்ணில் இரண்டு தனி நபர். தன் கடையிலிருந்து தன் கடைக்குச் சரக்கு அனுப்பினாலும் வரிக்கணக்கு உண்டு. சிறு வியாபாரிகளுக்கான தொகுப்பு வரித் திட்டத்தில் இருப்பவர் மாநிலம் தாண்டிச் சரக்கு விற்கவே கூடாது. களியக்காவிளைக்காரர் நடந்து வந்து வாங்கிப் போனால் உள்ளூர் விற்பனை. அதே சாமானைக் கடைப்பையன் சைக்கிளில் கொண்டுபோய்க் கொடுத்தால் சட்ட விரோதம்.

வரி சரக்கைத்தான் பிரித்தது. எங்கள் குடும்பத்தைப் பிரித்தது வேறொரு சட்டம். கேரள இந்து கூட்டுக் குடும்ப ஒழிப்புச் சட்டம், 1975. அது அமலுக்கு வந்தது 1976 டிசம்பர் 1-ஆம் தேதி. கேரளத்து அங்கத்தினர்கள் இதை அறிவார்கள். மற்ற நகரங்களில் இருப்பவர்களுக்கு ஆச்சரியமாக இருக்கும். மருமக்கத்தாயத்தை மட்டுமல்ல, நம்முடைய மிதாக்ஷரக் கூட்டுக் குடும்பத்தையும் அது ஒரே நாளில் ஒழித்தது. அன்று உயிரோடு இருந்த பங்காளிகள், பாகம் பிரித்துக்கொண்டதைப் போலவே, தனித்தனிப் பங்கு பெற்றார்கள். அதன்பின் பிறந்த பிள்ளைக்குப் பிறப்பால் உரிமை கிடையாது. களியக்காவிளைக்கு அப்பால் கூட்டுக் குடும்பம் பழையபடி இருந்தது.

இரு கடைகளும் தாத்தா காலத்திலிருந்து கூட்டுக் குடும்பச் சொத்து. ஒரு முனை ஒழிந்து மறு முனை இருக்கும் கூட்டை எப்படி நடத்துவது? இரண்டு வருஷம் இரு பக்கத்து வக்கீல்களுக்கும் கொடுத்துப் பார்த்துவிட்டு, 1978-இல் பாகப்பத்திரம் எழுதிப் பதிவு செய்தார்கள். பாறசாலைக் கடை பெரியப்பாவுக்கு. குழித்துறைக் கடை சித்தப்பாவுக்கு. வயலும் சிறு வீடும் என் தகப்பனாருக்கு. சண்டையில்லை. ஆனால் பத்திரத்தில் ஒரு வித்தியாசம் இருந்தது. கேரளச் சட்டப்படி பெரியப்பாவின் பிள்ளைக்கு அவன் பங்கு தனியே எழுதப்பட்டது. அவர் இளைய பெண்ணுக்கு ஒரு வரியும் இல்லை. சித்தப்பா தன் பிள்ளையோடு கூட்டாகவே தொடர்ந்தார்.

பெரியப்பாவின் அந்தப் பெண்ணும் சித்தப்பாவின் பெண்ணும் ஏறக்குறைய ஒரே வயது. 1989-இல் தமிழ்நாடு இந்து வாரிசுரிமைச் சட்டத்தைத் திருத்தி, மார்ச் 25-க்கு முன் விவாகமாகாத பெண்களுக்கும் பிறப்பால் பங்கு கொடுத்தது. சித்தப்பா பெண்ணுக்கு அப்போது கல்யாணம் ஆகவில்லை. அவள் தன் அண்ணாவுக்குச் சமமான பங்காளி ஆனாள். பாறசாலைப் பெண்ணுக்கும் ஆகவில்லை. ஆனால் அவள் பங்கு கேட்கக் கூட்டுக் குடும்பமே இல்லை. தகப்பனாரின் சொந்தப் பங்கில், அவர் காலத்துக்குப் பிறகு, அண்ணாவோடு சமமாகக் கிடைத்ததுதான். ஒரு தாத்தாவின் இரண்டு பேத்திகள். சாலையின் எந்தப் பக்கம் வீடு என்பது பங்கை நிர்ணயித்தது. ஸ்திரீகளுக்குச் சமத்துவம் என்று பேர் வாங்கிய மாநிலத்தில்தான் அவளுக்குக் குறைந்தது என்பது எனக்கு இன்றும் உறுத்தும்.

2005-இல் மத்திய ஸர்க்கார் இந்தியா முழுவதும் பெண்களுக்குப் பிறப்புரிமை கொடுத்தபோதும், கூட்டுக் குடும்பம் ஒழிந்த கேரளத்தில் அது செல்லுமா என்ற கேள்வி இருபது வருஷம் நின்றது. 2025 ஜூலையில் கேரள உயர்நீதிமன்றம், 1975-ஆம் வருஷச் சட்டத்தின் 3, 4 பிரிவுகள் அந்த மத்தியச் சட்டத்துக்கு முரண் என்றும், பூர்வீகச் சொத்தில் கேரளத்துப் பெண்களுக்கும் சம உரிமை உண்டு என்றும் தீர்ப்புச் சொல்லியது. பேப்பரில் பார்த்த அன்றே பெரியப்பாவின் பெண் எனக்குப் போன் செய்தாள். அவளுக்கும் இப்போது பேரன் இருக்கிறான்.

“அண்ணா, நம்ம பாறசாலைக் கடைக்கு இது பொருந்துமா?”

2004 டிசம்பர் 20-க்கு முன் பதிவான பாகப் பிரிவினையைத் திருத்தச் சட்டம் தொடாது. நம்முடையது 1978 பத்திரம் என்று சொன்னேன். சிறிது நேரம் பேசாமல் இருந்துவிட்டு, பத்திரத்தின் நகல் என்னிடம் இருக்கிறதா என்று கேட்டாள். இருக்கிறது, அடுத்த மாதம் ஊருக்கு வரும்போது கொண்டுவருகிறேன் என்றேன்.